சட்டைக்கை

தொகாமாச்சியில் பனி
கூரைமேல் ஓராள் உயரம் நின்றால்
எனக்கு வேலை.
மண்வெட்டியோடு ஏறுவேன், வெட்டித் தள்ளுவேன், இறங்குவேன்.
ஒவ்வொரு குளிர்காலமும் எங்கள் தொழிலில் யாராவது ஒருவர்
ஏணியில்லாமல் இறங்கிவிடுகிறார்.

அதனால்தான் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்வேன்,
தீயணைப்பு நிலையத்து மாடியில்
செவ்வாயும் வெள்ளியும் நடக்கும் ஜூஜுத்ஸு வகுப்பில்.
உண்மையில்
அங்கே கணப்புக்குக் காசு இல்லை.

மூன்று மாதம் விழுவதைத் தவிர ஒன்றும் கிடையாது.
பின்னால் விழு. பக்கவாட்டில் விழு.
மோவாயை நெஞ்சில் செருகு.
தரை உன்னை அறையும் முன் நீ தரையை அறை.
விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பவனுக்கு
இங்கே இடமில்லை.
ஒட்டட்டும், முதுகெல்லாம் ஒட்டட்டும்,
எலும்போடு எலும்பு ஒட்டியிருந்தால் போதும்.

எங்கள் மரபின் சுருளேடு
மலைத்தெய்வம் கனவில் வந்து கற்பித்ததாகத் தொடங்கும்.
பொய்ப்பல் செய்யும் இகராஷி தோமொயோ
அதை நம்புவதில்லை.
அவள் கதையில் தெய்வம் இல்லை, சேறு உண்டு.
அறுத்த வயலில் சண்டை. ஈட்டி முறிந்தாயிற்று.
வாள் எங்கோ, யார் விலாவிலோ.
இரும்புக் கவசத்தோடு இரண்டு பேர்
முழங்கால் சேற்றில்
கட்டிப்பிடித்து நிற்கிறார்கள்
குடித்துவிட்டு வீடு திரும்பும் சம்பந்திகள்போல.
ஒருவன் தள்ளுகிறான்.
மற்றவன், களைத்துப்போனவன்,
தள்ளித் தொலை என்று விட்டுவிடுகிறான்.
தள்ளியவன் விழுந்தான்.

"அவ்வளவுதான் மூலம்" என்பாள்.
"மிச்சம் நானூறு ஆண்டும்
அந்தக் களைப்புக்கு எழுதிய உரை."

ஜூ என்றால் மென்மை.
நான் பஞ்சை நினைத்திருந்தேன்.
என்னில் பாதி எடை அவள். தள்ளினேன்;
கதவு திறந்தே கிடந்தது.
யானைக்கும் அடி சறுக்கும், சரி.
எந்த அடி என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது:
பாதம் பாரத்தை வாங்கப் போகிறது, இன்னும் வாங்கவில்லை,
அந்த இடைவெளி.
விளக்கு. என் கால்கள். விளக்கு. பாய்.

மூச்சு திரும்பிய பிறகுதான் பார்த்தேன்.
என் வலது சட்டைக்கை
இன்னும் அவள் இடக்கையில் இருந்தது.
எறிகிறவர் விடக்கூடாதாம்.
கடைசிச் சாணில் மேல்நோக்கி ஓர் இழுப்பு,
மண்டை தரையைத் தொடாதபடி.
எதிராளிக்கு எதற்கு இந்த உபகாரம் என்றேன்.
"வெள்ளிக்கிழமையும் நீ வரவேண்டுமே."

பிப்ரவரி பதினாறு,
தபால்காரர் மருயாமாவின் வீடு.
தகரம் பனியை விட்டது.
பனிமேல் நான் நின்றிருந்தேன்.

மோவாய் தானாக நெஞ்சுக்குப் போயிற்று.
இடக்கை தானாக அறைந்தது,
பாயை அல்ல, அடுக்கிய விறகை.
மணிக்கட்டில் இரண்டு முறிவு. தலை முழுசு.
அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர்.
கணப்பு என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நான் சொல்லாதது ஒன்று:
விழுந்து கிடந்தபோது
என் வலக்கை மேலே நீண்டிருந்தது,
சட்டைக்கை விறைத்து,
வெறும் வானத்தில்,
யாரோ பிடித்திருப்பதுபோல.

மே மாதம் கட்டுப் பிரித்தார்கள்.
எறியத் தெம்பு இருக்கிறது, இடுப்பு இருக்கிறது,
இகராஷியை ஒருமுறையாவது எறிந்துவிடும் ஆசையும் இருக்கிறது.
அவள் என் இடக்கை விரல்களைத் தன் சட்டைக்கையில் வைத்து
மெல்ல இழுத்துப் பார்த்தாள்.
நழுவியது.
"இன்னும் இல்லை."

அணைத்த கணப்பின் பக்கத்தில்
மற்றவர்கள் விழும் சத்தத்தைக் கேட்டபடி
பாய் துடைத்த ஈரத்துணியைப் பிழிகிறேன்
இடக்கையால்.
ஒரு சொட்டு.
அப்புறம், வெகுநேரம் கழித்து,
இன்னொன்று.