மூன்று டாலர் மூடி

குளிர்பெட்டிக் கதவிலிருந்து காந்தத்தைப் பிடுங்கிக்கொண்டேன்.
பல் மருத்துவர் இலவசமாகத் தந்தது.
அது தாங்கியிருந்த மின்கட்டண ரசீது
தரையில் விழுந்தது. கிடக்கட்டும்.

இன்வர்காகிலில் சனிக்கிழமைக் காற்று
காரின் கதவை ஆளோடு சேர்த்துத் திறக்கும்.
மூடிவிட்ட மருத்துவமனையின் சமையலறையை
இன்று ஏலம் விடுகிறார்கள்.
பையில் தொண்ணூறு டாலர், ஒரு டார்ச்,
தையல்பெட்டி அளவுநாடா.

போன குளிர்காலம் எனாமலில் காய்ச்சினேன்.
விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து
நாற்பது புட்டியும்
ஆணியை நக்கியதுபோல் இருந்தது.
பிறகு கடையில் மலிவாக ஓர் எவர்சில்வர்.
அடி காகிதம்.
மால்ட் பிடித்துக் கருகி,
தங்கை கர்ஸ்டி ஒரு மிடறு குடித்துவிட்டு
"டயர்" என்றாள்.
நான் பஸ் பணிமனையில் வேலை பார்ப்பவள்.
மறுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

இம்முறை கணக்கோடு வந்திருக்கிறேன்:
புட்டிக்குப் போவது இருபத்து மூன்று லிட்டர்,
அடுப்பில் ஏறுவது முப்பது,
பொங்க ஒரு சாண்.
நாற்பதுக்குக் குறைந்தால்
பாதியை அடுப்பு குடிக்கும்,
மீதியை நான் துடைப்பேன்.

அறுபத்தோராம் எண்.
பக்கத்தில் காந்தம் வைத்தேன், வழுக்கியது.
அடியில் வைத்தேன், கவ்விக்கொண்டது.
"போலி" என்றார் பின்னால் ஒருவர்,
ரப்பர் பூட்ஸில் சாணி காய்ந்திருந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.
போலி இல்லை, அய்யா, என்று தொடங்கினேன்.
சுவர் முழுக்க நல்ல எவர்சில்வர், அதனால்தான் ஒட்டவில்லை.
அடியில் மட்டும் மூன்றடுக்கு.
நடுவே அலுமினியம், சூட்டைப் பரப்ப.
வெளியே காந்தம் பிடிக்கிற தகடு.
புதிதாக வாங்கினால் நானூறு ஆகும்.
கூடம் முழுக்கக் கேட்கும்படி
நானே சொன்னேன்.

உள்ளே தலையை விட்டு டார்ச் அடித்தேன்.
குழியில்லை, துருவில்லை.
கைப்பிடி ஆணியின் இடுக்கில் மட்டும்
யாரோ தேய்க்காமல் விட்ட கஞ்சி
கல்லாகியிருந்தது.
விளிம்பில் பொறித்திருந்தது: வார்டு 4.
கால் முறிந்து ஒன்பது நாள் அங்கே கிடந்திருக்கிறேன்.
உப்பில்லாத பூசணி சூப்.
அது பாத்திரத்தின் குற்றமில்லை.

எண்பத்தைந்தில் கை தூக்கினேன்.
தொண்ணூறில் கை கனத்தது.
"தொண்ணூற்றைந்து" என்றார்
போலிக்காரர்.

வயிற்றெரிச்சலுக்கு எழுபத்து நான்காம் எண்ணை எடுத்தேன்.
மூன்று டாலருக்கு ஒரு பெட்டி:
வளைந்த கரண்டிகள், ஜெல்லி அச்சுகள்,
அடியில் தட்டாமாலைபோல் ஒரு மூடி.

வாகன நிறுத்தத்தில் காற்று அதைப் பறித்தது.
விளிம்பில் நின்று உருண்டது மூடி,
இரண்டு கார்களைச் சுற்றி,
ஒரு பாதிரியாரைத் தாண்டி.
நான் ஒரு பக்கம் ஓட, அவர் மறு பக்கம் ஓட,
பூட்ஸ் காலால் மிதித்து நிறுத்தினார்.
குனிந்து படித்தார்: வார்டு 4.

"இது எவ்வளவு?"
"தொண்ணூற்றைந்து" என்றேன்.

யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு அலைகிற முகம்
எப்படியிருக்கும் என்று அன்று பார்த்தேன்.
பிறகு அவர் சிரித்தார்.
ஹார்ம் வீன்ஸ்ட்ரா, நூற்றெண்பது மாடு,
சிப்பி அவிக்கப் பாத்திரம் தேடி வந்தவர்.

ஒப்பந்தம் பேசினோம்.
பாத்திரம் அவர் கொட்டகையில், மூடி என் வீட்டு ஆணியில்.
ஒன்றுவிட்ட ஞாயிறு மூடியோடு நான் போவேன்.
புட்டியில் பாதி அவருக்கு.
ஜாடிக்கேத்த மூடி என்று கர்ஸ்டி கண்ணடிக்கிறாள்.
அப்படி ஒன்றுமில்லை.
அவருக்குப் பியரே அவ்வளவாகப் பிடிக்காது,
குடித்து முடித்துப் புட்டியைக் கழுவியும் தருவார்.

கொதி வருகிற நேரம் அவர் மாடு கறக்கப் போய்விடுவார்.
நான் மூடியை எடுத்துச் சுவரில் சாய்த்துவிட்டு
ஹாப்ஸ் போடுவேன்.
அந்த ஒரு மணி நேரம்
பாத்திரம் திறந்துதான் கொதிக்க வேண்டும்.
மூடினால் வேகவைத்த சோள வாடை இறங்கிவிடும்.

இதை மட்டும்
அவரிடம் இன்னும் விளக்கிச் சொல்லவில்லை.