எஞ்சிய ஆயுள்

சிப்காட்டில் குழாய்களின் தடிமன் பார்ப்பது என் வேலை.
உப்புக்காற்றும் அமிலமும் கூடிக்கொண்டு
வருஷத்துக்கு எவ்வளவு தின்கின்றன என்று
எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
மாற்று.
இன்னும் இரண்டு வருஷம்.
உடனே நிறுத்து.
பதினாறு வருஷமாக என் கையெழுத்தை
யாரும் மறுத்துக் கேட்டதில்லை.

அந்தக் கருவிகளைக் கைப்பையில் போட்டுக்கொண்டு
ஞாயிற்றுக்கிழமை காலை கடலூரில் பஸ் ஏறி
முருங்கப்பாக்கத்தில் இறங்கினேன்.

ஞானதிக்கத்தின் தகரக் கொட்டகையில்
ஆக்டேவியா ஆர்.எஸ்., மூன்று தலைமுறை, வரிசையாக.
நடுவில் நிற்பதற்கு மட்டும் லாரா என்று
புகுந்த வீட்டில் வைத்தது மாதிரி வேறு பெயர்.
நாலு கதவு, பெரிய டிக்கி;
அரிசி மூட்டை ஏற்றலாம்.
இது பந்தய வண்டி என்று
தெரிந்தவனுக்கு மட்டுமே தெரியும்.
எனக்கு அதுதான் பிடித்தது.

"சாருக்கா மேடம்?"
"எனக்கு."
அதற்குப் பிறகு அவர்
நிறங்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

கடைசித் தலைமுறை, வெள்ளை.
பதினெட்டு போக வேண்டியது, எட்டரைக்குத் தருகிறாராம்.
"டாக்டர் வண்டி. ஆஸ்பத்திரி விட்டால் வீடு."
சீட்டில் உட்கார்ந்தேன். புது ஷாம்பு வாசம்.
பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்,
மார்பைத் தாண்டி, மடியைத் தாண்டி,
யாரும் இழுக்காத நீளம்வரை.
கடைசி ஒரு முழத்தில்
காய்ந்த மண்ணின் கோடு.

ஃபெஞ்சல்.
வீதியில் படகு விட்ட அந்த நாளில்
இந்த டாக்டர் வண்டி
கழுத்தளவு நீரில் நின்றிருக்கிறது.
பெல்ட்டை விட்டேன். அது மெதுவாக,
எதுவும் தெரியாததுபோல் உள்ளே போய்விட்டது.

லாரா, சிவப்பு, ஆறேகால்.
பானெட்டில் பெயின்ட் நூற்றிருபது மைக்ரான்: கம்பெனி.
இடது மட்கார்டில் அறுநூற்று நாற்பது: பட்டி.
"சைக்கிள்காரன் உரசினான் மேடம்."
எந்தச் சைக்கிள், கரும்பு ஏற்றியதா?
பானெட் கையைச் சுட்டது.
நான் வருமுன்னே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கிறார்.
டைமிங் செயின் தளர்ந்திருந்தால்
குளிர்ந்த எஞ்சினில்தான் கடகடக்கும்,
முதல் இரண்டு நொடி.
அந்த இரண்டு நொடியை எனக்கு
ஞானதிக்கம் விற்கவில்லை.

மஞ்சள், இரண்டாயிரத்து நாலு, மூன்று எண்பது.
டேஷ்போர்டு வெடித்திருந்தது. ஏ.சி. பெருமூச்சு விட்டது.
கதவுக்குக் கீழே துரு,
மறைக்கக்கூட யாரும் முயலவில்லை.
மண்டியிட்டுச் சுரண்டினேன், அளந்தேன்.
எண்பது இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஐம்பது.
இருபத்தோரு வருஷத்தில் முப்பது போயிருக்கிறது.
நாற்பதுக்குக் கீழே நான் கையெழுத்துப் போடமாட்டேன்.
ஆக, ஏழு வருஷம்.
குழாயாக இருந்தால் அன்றே சீட்டில்
சிவப்பு மையால் எழுதியிருப்பேன்.

ஓட்டிப் பார்த்தேன்.
அரியாங்குப்பம் பாலம்வரை தூங்குமூஞ்சி.
பாலம் இறங்கியதும் மூன்றாம் கியரில் மிதித்தேன்;
ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
பிறகு டர்போ விழித்து
முதுகில் கை வைத்துத் தள்ளியது.
பக்கத்து சீட்டில் ஞானதிக்கம்
சேசுவே என்றார்.
நான் என்ன சொன்னேன் என்பது
என்னோடு இருக்கட்டும்.

பி.எஃப். முன்பணத்துக்குக் காரணம்:
வீடு பழுது.
ஏன் இந்த வயதில் என்று
எங்கள் பிளான்ட்டில் எந்த ஆணிடமும்
யாரும் கேட்டுப் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் வண்டியை எடுத்து வரும்போது
எல்லோரையும் போல நானும்
எல்லை தாண்டுமுன் கன்னியக்கோவிலில் நிறுத்தி
டேங்கை ரொப்பினேன்.
குழாயைச் செருகிவிட்டுப் பையன்
மஞ்சளைச் சுற்றிவந்து பார்த்தான்.
"எவ்வளவு குடுக்கும் அக்கா?"
"எட்டு."
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
பிறகு வாளியிலிருந்து துணியைப் பிழிந்து,
கேட்காமலே,
முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டான்.