மீதி மஞ்சள்

மல்காஸ் ஒரு கறுப்புத் துணியை விரித்து
மூன்று மீட்டர்களை வரிசையாக வைத்தார்,
பல் பிடுங்குகிறவர் சாமான் எடுத்து வைப்பதுபோல்.
வெளியே திபிலிசியில் ஈரப்பனி.

முதலாவது சோவியத் காலத்துச் செலினியம்.
பேட்டரி கேட்காது. இருபது லாரி.
ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
முள் சோம்பல் முறித்துப்
பாதி வழியிலேயே படுத்துக்கொண்டது.
"கொஞ்சம் கூட்டிக் கணக்குப் போட்டுக்கோ" என்றார்.
எவ்வளவு கூட்டவேண்டும் என்று தெரிந்தால்
எனக்கு மீட்டர் எதற்கு?

இரண்டாவது கைக்கு அடக்கம், விலையும் அடக்கம்.
எவ்வளவு வெளிச்சம் என்று சொல்லும்.
என்ன வெளிச்சம் என்று சொல்லாது.

மூன்றாவது இரண்டையும் சொல்லும்.
எத்தனை கெல்வின்,
பச்சைக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது,
எந்த ஜெல்லை ஒட்டினால் நிமிரும்,
கடைசியில் திரை முழுக்க
நிறமாலை ஒரு மலைத்தொடராக.
விலையைக் கேட்டதும்
தெக்லே என் முழங்கையைக் கிள்ளினாள்.
எட்டு நாள் ஜெனரேட்டர் வாடகை அது.
"போன்லயே ஆப் இருக்கே" என்றாள்.
இருக்கிறது.
போன் தன் கண்ணால் கண்டதைச் சொல்லும்.
அந்தக் கண்ணுக்கு யார் சாட்சி?

நாங்கள் எடுப்பது ஒரு ரொட்டிக்காரரை.
சொலொலாக்கியில், தெருவுக்குக் கீழே பத்துப் படி.
அங்கே நான்கு வெளிச்சம், நான்கு கட்சி:
கண் சிமிட்டும் டியூப்லைட்டுகள்,
விலைப்பலகையின் எல்இடி,
படிக்கட்டில் ஒரு குண்டு பல்பு,
அப்புறம் தோனே அடுப்பின் தீ.
இரண்டு வாரமாக எடுத்ததில் எல்லாம்
ஜும்பரின் முகம் ஊறுகாய் நிறம்.
டியூப்லைட்டைத் திட்டினேன்.
பலகையைத் திட்டினேன்.
யாரோ பச்சை அடித்துவைத்த சுவரைத் திட்டினேன்.
லென்ஸ் பூச்சைக்கூட விடவில்லை.
யார் குற்றவாளி என்று
ஒரு தடவையாவது நிச்சயமாகத் தெரியவேண்டும்.

என் ஐம்பது மில்லிமீட்டரை மல்காஸிடமே விட்டுவிட்டு
மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

விடிகாலை நான்கு மணி.
சுவருக்குக் கறுப்புத் துணி போர்த்தினோம்.
பலகையை அணைத்தோம்.
படிக்கட்டு பல்பைக் கழற்றினோம்.
டியூப்லைட்டைக் கழற்றி எங்கள் விளக்கை மாட்டினோம்.
வெள்ளைக் குமிழை ஜும்பரின் கன்னத்தருகே நீட்டினேன்:
மூவாயிரத்து இருநூறு.
பச்சைச் சாய்வு, சுழி.

கேமராவில் பார்த்தேன்.
மாவு வெள்ளை.
ஏப்ரன், கறை போக, வெள்ளை.
தெக்லே பிடித்த சாம்பல் அட்டை சாம்பல்.
அவள் விரல் அவள் விரல் மாதிரியே.

ஜும்பர் மஞ்சள்.

இன்னொரு தடவை அளந்தேன்.
சுழி.
மறுபடியும். சுழி.
இந்தக் குமிழ் முகத்தை அளப்பதில்லை,
முகத்தில் விழுவதை மட்டும்தான்.
விழுவது சரியாக இருந்தது.
அவர் சிரித்தபோது
கண்ணின் வெள்ளையும் பார்த்தேன்.

"என்ன சொல்லுது மிஷின்? நான் அழகா?"

கேமராவை நிறுத்தினேன்.
பசிக்கிறதா, நன்றாகச் சாப்பிடுகிறீர்களா என்றேன்.
ரொட்டிக்காரனிடம் கேட்கிற கேள்வியா என்றார்.
பிறகு, தானாகவே,
"திராட்சை பறிக்கிற மாசத்துலேர்ந்து கையெல்லாம் அரிக்குது.
மாவு மாத்தினாங்க, அதான்."
சட்டையைச் சுருட்டிக் காட்டினார்.
நகக்கோடுகள் முழங்கைவரை.

மாவு இல்லை ஜும்பர் என்றேன்.
அதற்குமேல் எப்படிச் சொல்வது என்று
எந்த எண்ணும் எனக்கு உதவவில்லை.
தெக்லே படியில் நின்று
டாக்ஸிக்காரனுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தாள்,
ஆஸ்பத்திரி, ஆமாம், இப்பவே.

"உள்ளே ஷோட்டி இருக்கு" என்றார் அவர்.
"ஆறு நிமிஷம். கருக விட்டுட்டு வரமாட்டேன்."

கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு
அடுப்போரம் குனிந்து நின்றார்.
தீ கீழிருந்து தாடையைத் தொட்டது,
எங்கள் விளக்கு தோளை.
இரண்டு வாரமாக நான் கேட்டிருந்த வெளிச்சம் அதுதான்.
மீட்டர் பையில் இருந்தது.
கேமரா அணைந்திருந்தது.
ஐந்தாவது நிமிஷத்தில் அவர் உள்ளே எட்டிப் பார்த்து
இன்னும் கொஞ்சம் என்றார்.