கைப்பிடி

உலைக்கு அரிசி களையும் முன்
ஒரு பிடி அள்ளி
பிஸ்கட் டின்னில் போடுவாள் ரெம்ருஆதி.
காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.
எங்கள் மிசோ மலையில்
அநேகமாக எல்லா அடுப்படியிலும்
இப்படி ஒரு டின் உண்டு.
சனிக்கிழமை சபைப் பெண்கள் சாக்கோடு வருவார்கள்.

மகளுக்கு நான்கு வயதானபோது
அந்த வேலை அவள் கைக்குப் போனது.
போதனை ஒன்றும் நடக்கவில்லை.
முக்காலியை நகர்த்திப் போட்டாள் அம்மா,
அவ்வளவுதான்.

ஸோமுவானியின் கை சின்னது.
விரலிடுக்கில் பாதி சிந்தும்,
சிந்தியதைக் கோழி தின்னும்.
"ஆண்டவருக்கு அளவு குறையுதே" என்பேன், கிண்டலாக.
"கை வளருமே" என்பாள்.

நான் கோயிலுக்குப் போவதில்லை.
தம்பியை மண்ணில் வைத்தபோது
முரசடித்து விடியவிடியப் பாடினார்கள்.
விடிந்தது.
அதன் பிறகு ஞாயிறென்றால்
லாரிக்கு அடியில் படுத்து கிரீஸ் வைப்பேன்.
அவர்கள் மேட்டுக் கோயிலுக்குப் படியேறுவது
சக்கரங்களுக்கு நடுவே தெரியும்:
ஒரு ஜோடி பெரிய செருப்பு,
ஒரு ஜோடி சின்னச் செருப்பு.
சின்னது வாராவாரம்
ஒரு கணம் நிற்கும்.
வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

ஞாயிறு பள்ளியில் பரீட்சை.
'நமக்கு உணவு கொடுப்பவர் யார்?'
அம்மா, என்று எழுதியிருக்கிறாள்.
பக்கத்தில் சின்னதாக: லாரி வந்தால் அப்பா.
அரை மார்க் போட்டிருந்தார் வாத்தியார்.
அந்த அரை யாருக்கு விழுந்ததென்று
ராத்திரி வெகுநேரம் யோசித்தேன்.

ஜூலையில் மலை இறங்கியது.
லுங்லேய் சாலையில்
முன்னும் பின்னும் சரிவு,
நடுவில் நானும் கிளீனர் பியாக்காவும்
எண்பது மூட்டை வெங்காயமும்.
மூன்றாம் நாள் மாலை
ஸ்டவ்வைப் பற்றவைத்து
மிச்ச அரிசியைக் கொட்டப் போனேன்.
கை தானாக ஒரு பிடி அள்ளி
நின்றது.
போட டின் இல்லை.
"யாருக்கு அது?" என்றான் பியாக்கா.
பசித்தவன் கேள்வி. நியாயமான கேள்வி.
சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன்.
அன்று கஞ்சி தண்ணியாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் வீடு.
வெங்காயம் பாதி அழுகல்;
முதலாளி, கடன், அது வேறு கதை.
நேரே அடுப்படிக்குப் போய்
பையை டின்னில் கவிழ்த்தேன்.
முக்காலியில் நின்றவள் எட்டிப் பார்த்தாள்.
ஊறிப்போன அரிசி,
செக்போஸ்ட் சீட்டின் கிழிசல்,
புகையிலைத் தூள்.
ஒன்றும் கேட்கவில்லை.
நாக்கைத் துருத்திக்கொண்டு,
ஊசியில் நூல் கோர்ப்பவள் போல,
புகையிலையை மட்டும்
துகள் துகளாகப் பொறுக்கினாள்.
பிறகு என் கையை விரித்துப் பார்த்து
"அப்பா பிடி பெரிசு" என்றாள்,
அம்மாவிடம், கணக்குச் சொல்வதுபோல்.

சனிக்கிழமை சாக்கு வந்தது, போனது.
ஞாயிறு லாரிக்கு அடியில்தான் படுத்திருந்தேன்.
சின்னச் செருப்பு நின்றது.
கிரீஸ் கையைத் துடைக்க
ஒரு துணி தேடினேன்.