கடைசிக் கட்டம்

பக்கத்துக்கு நாலு ஃபிராங்க்.
பெர்ன் நகரில் ஒரு நிலவறை,
திரையில் பழைய கையெழுத்தின் படங்கள்.
ட்ரூப் கிராமத்துப் பாதிரியார் எஷ்லிமான்
ஆயிரத்து எழுநூற்று எண்பத்தைந்தில்
நாளுக்கு மூன்று தடவை ஜன்னலைத் திறந்திருக்கிறார்.
வெப்பம், அழுத்தம், காற்று, மேகம்.
ஐந்தாவது கட்டம்: குறிப்புகள்.
அதை அடிக்க வேண்டாம் என்றாள் றெகுலா.
எண்கள் போதும் எங்களுக்கு.

கிழக்குக்கு அவர் போட்ட எழுத்து வட்டமாக இருந்தது.
பூஜ்யமென்று நினைத்தேன்.
ஒரு வாரம் ட்ரூபில் காற்றே இல்லாமல் போயிற்று.
றெகுலா சிரித்தபடி திருத்தினாள்,
கொண்டல் திரும்ப வீசியது.

தெற்கிலிருந்து மலையிறங்கும் சுடுகாற்றுக்கு
இங்கே பேர் ஃபோன்.
"இரவெல்லாம் ஃபோன். ஒருவரும் தூங்கவில்லை."
எங்கள் வீட்டிலும் அதுதான் ஐயா.

பெப்ரவரி ஒன்பதில் கை மாறுகிறது.
மை கனக்கிறது,
எண்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கின்றன.
"அவருக்குக் காய்ச்சல். நான் பார்க்கிறேன். சலோமே."
காலை மைனஸ் ஏழு. மதியம் மைனஸ் மூன்று.
"கொடியில் அவர் சட்டை பலகை மாதிரி நிற்கிறது."
பதினான்கு:
"பனி முழங்கால் மட்டும். மூச்சு இழுக்கிறது."
பதினேழு:
நாலு கட்டமும் வெறுமை.
ஐந்தாவதில் ஒரு சொல்.
"பார்க்கவில்லை."

விடுபட்ட அளவுக்கு இங்கே ஓர் எண் உண்டு,
மைனஸ் தொண்ணூற்றொன்பது.
அவ்வளவு குளிர் எந்த ஊரிலும் இல்லை,
அதனால் ஒருவரும் நம்பிவிட மாட்டார்கள்.
மூன்று தடவை அடித்தேன்.

பதினொரு வருடத்துக்கு முன்
அகதி விசாரணை அறையில்
மொழிபெயர்ப்பாளர் நல்ல தமிழில் கேட்டார்:
உங்கள் தம்பியைக் கொண்டுபோன அன்று மழை பெய்ததா?
தெரியாது.
திகதி சொல்கிறீர்கள், நேரம் சொல்கிறீர்கள்,
மழை தெரியாதா?
அதிகாரி ஏதோ எழுதினார்.
பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
அந்தச் சொல் அன்று வாயில் வரவில்லை.

பதினெட்டாம் திகதி சலோமே திரும்பி வருகிறாள்.
காலை மைனஸ் நான்கு. காற்று வாடை.
"மண் இறுகிவிட்டது. தோண்டுகிறவர்களுக்கு
நெருப்பு மூட்டிக் கொடுத்தேன்."
மார்ச் கடைசியில்:
"புதிய பாதிரியார் வெள்ளிக்கிழமை வருகிறார்.
வெப்பமானியை வீட்டோடு விட்டுப்போகச் சொன்னார்கள்.
எடுத்துக்கொண்டேன்."

எழுந்து போய் ஒரு கோப்பி குடித்தேன்.

அடுத்த கட்டில் ஊர் வேறு:
லங்னாவ், வாடகை அறை, வடக்கு ஜன்னல்.
அதே இடிபடும் எண்கள்.
காலை இரண்டு. காற்று கோடை.
அடிக்க வேண்டாத கட்டத்தில்:
"இங்கிருந்து மலை தெரியவில்லை.
பக்கத்து அறைக்காரி தினமும் கேட்கிறாள்,
எதற்கு இதெல்லாம் என்று.
மேகமூட்டம்."