எண்பத்தேழாவது மரத்தில் சிக்னல்

கலிஃபோர்னியாவில் சாப்பிட்டு முடித்த மதியம்.
பொன்மனையில் மணி இரண்டே முக்கால்.
நெற்றியில் விளக்கைக் கட்டுகிறேன்.
நானூறு லூமென், டைப்-சி.
பெட்டியில் போட்டிருந்த எட்டு மணி நேரம் பொய்,
ஐந்தேகால்தான் நிற்கும்.

முன்னூறு ரப்பர் மரங்களில்
எண்பத்தேழாவதன் மூட்டில் மட்டும்
ஃபைவ்-ஜி நாலு கோடு.
ஏனென்று கம்பெனிக்கும் தெரியாது.
கத்தியைக் கக்கத்தில் இடுக்கி நேரலையைத் திறப்பேன்.

மேடையில் ஒருத்தர்
மூன்றாக மடியும் போனை விரிக்கிறார்.
கீல் லட்சம் தடவை தாங்குமாம். கைதட்டல்.
ரப்பர் பால் பிசுக்குப் பட்டால்?
அதை யாரும் கேட்கவில்லை.

விலை வந்தது. ரூபாயில் பெருக்கினேன்:
பதினொரு மாத வெட்டுக்கூலி.
வாங்கவா பார்க்கிறேன்?
குலசேகரம் சந்தையில் நெய்மீன் விலை கேட்டு
சாளை வாங்கி வருகிறவன்.
கேட்பதிலும் ஒரு ருசி உண்டு.

முந்தாநாள் வெட்டில் காய்ந்த ஒட்டுப்பாலை
ஒரே இழுப்பில் உரிக்கிறேன்.
புதுப் போனின் முகத்திலிருந்து
மெல்லிய பிளாஸ்டிக் உரிந்து வருமே,
அதே சுகம்.
அது மூன்று வருடத்துக்கு ஒருமுறை.
இது விடிவதற்குள் முன்னூறு.

ஊரில் என்னைக் கேட்காமல் யாரும் வாங்குவதில்லை.
"லே பெர்ஜின், பேட்டரி நிக்குமா?"
பங்குச்சாமியின் டேப்லெட் நான் சொன்னது.
றோஸ்லெட் டீச்சரின் இயர்பட்ஸும்.
மூன்றாம் மாதம் இடது காது செத்தது.
பூசையில் இப்போது என் பக்கம் திரும்புவதில்லை.

இன்றைக்கு ஸ்டெல்லஸ் ஒரு செய்தி அனுப்பியிருந்தான்,
கீழே அழுகிற முகம் போட்டு.
எங்கோ வெளிநாட்டில்
மரத்தைக் கட்டிப்பிடித்துத்
தானே பட்டை வெட்டும் ஒரு பொறி.
ஆளில்லாத தோட்டம் முழுக்க
ஒரே நேரத்தில் கீறுமாம்.

நாலு தடவை பார்த்தேன்.
பயந்திருக்க வேண்டும்.
கத்தி இறங்கும் கோணத்தைத்தான் பார்த்தேன்.
நல்ல கோணம்.
உள்தடி காயப்படவில்லை.
முதல் வருடம் இருபது மரத்தைக் கெடுத்தவன் நான்.

பிறகு, வழக்கம்போல்:
இடவப்பாதி மழைக்குத் தாங்குமா?
முன்னூறு பிளக்குக்கு எவன் வீட்டில் கரண்ட்?
மிளா வந்து உரசினால்?
இடி விழுந்து
ஒரு பக்கம் மட்டும் பால் சுரக்கும்
நூற்றிப்பன்னிரண்டாம் மரத்துக்கு
எந்த அப்டேட்டில் வழி வரும்?

மூன்றரை நட்சத்திரம் கொடுக்கலாம்.
ஒருநாள் கையில் தந்தால் நாலு.

ஸ்டெல்லஸுக்கு நடந்துகொண்டே எழுதினேன்:
"வெல போட்டிருக்கா லே?"

ஒரு டிக் மட்டும் விழுந்தது.
எண்பத்தெட்டுக்கு வந்திருந்தேன்.