ஆறாயிரத்தி ஐநூறு

சம்பளச் சனிக்கிழமை, புஷ்பா தியேட்டர் ஸ்டாப்பில் இறங்கி
மீன் கடைக்குள் நுழைந்தேன்.
எல்லாத் தொட்டியிலும் ரோஸ் வெளிச்சம்.
ஒரு ஜோடி வாள்வால்
குங்குமத்தில் முக்கி எடுத்தது மாதிரி திரும்பிப் பார்த்தது.
ஜோடி எண்பது.

நான் நிறம் பார்த்துப் பிழைக்கிறவள்.
பனியன் கம்பெனியில் பதினோரு வருசமாக
சாம்பல் பெட்டிக்குள் துண்டுத் துணியை வைத்து
விளக்கை மாற்றி மாற்றிப் போடுகிற வேலை.
பகல் விளக்கில் ஒட்டிப் பிறந்த இரண்டு மெரூன்
கடை விளக்கில் பங்காளிச் சண்டை போடும்.
நான் தலையாட்டாமல் ஒரு ரோல் கட்டிங் போகாது.
அப்படிப்பட்டவள்
ரோஸ் வெளிச்சத்துச் சிவப்புக்கு
எண்பது ரூபாய் எண்ணிக் கொடுத்தேன்.

தொட்டி, காலி செய்து போன பக்கத்து லைன்காரர் விட்டது.
இரண்டடி. மூடியில்லை, லைட்டில்லை.
சமையல்கட்டு மஞ்சள் பல்பில்
வெந்த கேரட் துண்டுகள் இரண்டு நீந்தின.
"ஏம்புள்ள, மீன மாத்திக் குடுத்துட்டானாட்டருக்குது"
என்றார் தங்கமுத்து, நைட் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே.

திங்கட்கிழமை கடைக்காரன் சிரித்தான்.
"இந்த லைட்டப் போடுங்கக்கா, அதே செவப்பு வரும்."
ஆயிரத்தி எண்ணூத்தி ஐம்பது.
பெட்டி முழுக்க வானவில்.
திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
எனக்கு வேண்டிய எண் மட்டும் அதில் இல்லை.
நாலு நாள் கூலியைப் பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு
அனுப்பர்பாளையம் எலக்ட்ரிக் கடைக்கு நடந்தேன்.

"ஆறாயிரத்தி ஐநூறு லைட்டு ஒண்ணு குடுங்க."
கந்தநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.
"அவ்வளவு வெலைக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்களே அம்மிணி."
விலை இல்லைங்க, வெளிச்சத்தோட நெறம்,
பெட்டியில் சின்னதாக அச்சடித்திருப்பான் என்று சொல்லி
நானே ஏணியில் ஏறி எடுத்தேன்.
பத்து வாட், இரண்டடிப் பட்டை லைட்.
இருநூற்றுப் பத்து. பத்து ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.
கம்பெனிப் பெட்டியில் பகல் என்று நாங்கள் சொல்வதற்கும்
அதே எண்தான்.

நூல் சுற்றி வந்த காலி அட்டைக் கோன் நாலு,
அதுதான் விளக்குக்குக் கால்.
உடைந்த போட்டோ ஃபிரேமின் கண்ணாடி மூடி.
வயரைப் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கவிட்டேன்,
வழிகிற சொட்டு ப்ளக்குக்கு ஏறாமல் அங்கேயே விழட்டும் என்று.

போட்டேன்.
சிவப்பும் இல்லை, கேரட்டும் இல்லை.
உரித்த கமலாச் சுளை,
வால் ஓரத்தில் மார்க்கர் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு.
இதுதான் அதன் நிறம்.
கடையில் கேட்டிருந்தால் வாங்கியிருக்க மாட்டேன்.

முதல் வாரம் ஆசையில் காலை முதல் ராத்திரி வரை எரியவிட்டேன்.
கண்ணாடி பச்சைச் சாயம் ஏறி நின்றது.
கட்டிங் வேஸ்டை வைத்துத் தேய்த்துத் தேய்த்து
தோள்பட்டை போச்சு.
செடிக்கு ஆறு மணி நேரம் போதுமாம்,
எந்த ஆறு என்று அதற்குக் கவலை இல்லையாம்.

ஆகவே எங்கள் தொட்டியில்
பொழுது விடிவது சாயங்காலம் ஆறரைக்கு,
நான் வந்து செருப்பைக் கழற்றியதும்.
ஏழரைக்கு அவர் கிளம்புவார்.
பன்னிரண்டரைக்கு நான் அணைப்பேன்.
டைமர் வாங்கலாம். முந்நூற்றைம்பது. அடுத்த போனஸ்.

நேற்று ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர்
தொட்டிக்குப் பின்னால் சித்தெ நின்றுவிட்டார்.
தண்ணீரைத் தாண்டி அவர் முகம்.
வாரம் ஆறு நாளும் டியூப் லைட்டிலும் அரைத் தூக்கத்திலும்
பார்க்கிற முகம்.
காதோரம் இவ்வளவு வெள்ளை
எந்த ஷிப்டில் ஏறியது?
கண்ணுக்குக் கீழே துவைத்து வெளுத்த நேவி ப்ளூ.

"என்ன புள்ள அப்படிப் பாக்கற?"

"ஒண்ணுமில்லீங்க.
மாத்தியெல்லாம் வாங்க வேண்டாம். இதே இருக்கட்டும்."

மீனைச் சொல்கிறேன் என்று நினைத்து
சரி என்று
டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போனார்.